அறுபத்து நாலு வீடுகளுக்குள் ஓடிய நீலக்கோடு

பள்ளத்தூரில் பன்னிரண்டாம் வகுப்புக்குப் புவியியல் நடத்தும் ஞானபூரணிக்கு நாற்பத்து மூன்று வயது. அதில் ஏழு வருஷத்தை பிஎச்டி தின்றுவிட்டது. பகுதி நேர ஆய்வு என்று அதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரிந்தால் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று அவள் காத்திருந்தாள். பகல் பள்ளிக்கூடத்துக்கு, காலையும் மாலையும் அடுப்படிக்கு, சனி ஞாயிறு ஆய்வுக்கு. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவள் வராமல் போன கணக்கைப் பங்குச்சாமியாரே கேட்பதை விட்டுவிட்டார். பஸ்ஸில் யாராவது "என்ன டீச்சர், இன்னமும் படிச்சுக்கிட்டா இருக்கீக?" என்று கேட்டால் மட்டும் அவளுக்குப் பொத்துக்கொண்டு வரும்.

என்ன படிப்பு என்று விளக்கி முடிப்பதற்குள் பஸ் கோட்டையூரைத் தாண்டிவிடும். புவித்தகவல் அறிவியல். செயற்கைக்கோள் படம், பழைய சர்வே வரைபடம், காலால் நடந்து எடுத்த அளவு எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, ஊரைப் பார்த்துக் கேள்வி கேட்பது. அவள் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான். கோட்டையூர்ப் பக்கத்து ஊருணிகளுக்கு மழைத்தண்ணீர் எந்த வழியாக வந்து சேர்கிறது, சில ஊருணிகளுக்கு இப்போது ஏன் வந்து சேர்வதில்லை. இதற்குப் புவியியலும் வேண்டும், கம்ப்யூட்டரும் வேண்டும் என்பதால் பல்துறை ஆய்வு என்று முத்திரை குத்தினார்கள். அன்றைக்குப் பிடித்தது சனி. கல்லூரி விண்ணப்பத்தில் 'துறை' என்ற கட்டத்தில் ஒரு பெயர் எழுதத்தான் இடம் இருக்கிறது. இரண்டு எழுதினால் "ஏதாவது ஒண்ண எழுதுங்க" என்று திருப்புவார்கள். ஒன்றை எழுதினால் "இன்னொரு துறையோட தடையில்லாச் சான்று எங்க?" என்பார்கள். ஏழு வருஷத்தில் அந்தக் கட்டத்தை அவள் பதினோரு தடவை நிரப்பியிருக்கிறாள். பதினோரு தடவையும் தப்பு.

அவளுக்கு நெறியாளர்களும் இரண்டு பேர். புவியியலில் பேராசிரியர் முத்தரசு. ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கிற மனிதர், நடந்து பார்க்காதவர்களுக்கு நிலம் தெரியாது என்ற கட்சி. கம்ப்யூட்டரில் உமையாள். ஞானபூரணியைவிட ஐந்து வயது சின்னவள், திரையில் தெரியாததை நம்பமாட்டாள். ஒருவர் சரி என்றதை மற்றவர் சரி என்றதில்லை. இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் ஆய்வேடு செல்லும்.

பெரிய சண்டை செல்லாயி ஊருணியைப் பற்றித்தான். நிலத்தின் மேடு பள்ளத்தை வைத்து உமையாள் எழுதிய ப்ரோக்ராம், மேற்குத் தெரு வரைக்கும் தண்ணீரைக் கொண்டுவந்துவிட்டு அங்கே நிறுத்திவிடும். "அங்குட்டு போகமாட்டேங்குது டீச்சர். ஊருணிக்கு ஒரு சொட்டு வரல" என்பாள். முத்தரசுக்குக் கோபம் வந்துவிடும். "அந்தத் தெருவுலதான் நான் குடியிருக்கேன். தெனம் நடக்குற தெரு. அத நானே அளந்து குடுத்திருக்கேன். மெஷினுக்குத்தாம்மா கோளாறு." ஞானபூரணி அவர் பக்கம் நின்றாள். ஊரே மழையில்லை மழையில்லை என்று சொல்லிக்கொண்டிருக்க, ஊருணி வறண்டதற்கு ப்ரோக்ராமிடம் போய்க் காரணம் கேட்பானேன்? தவிர, மற்ற தெருக்களையெல்லாம் வெயிலில் இவளே டேப்பைப் பிடித்து அளந்தபோது, ஒரு தெருவையாவது அவர் அளந்து கொடுத்தாரே என்று நன்றியாகவும் இருந்தது. நன்றியுணர்ச்சி பொல்லாதது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

உமையாளும் முனகிக்கொண்டே கையெழுத்துப் போட, ஒருவழியாக ஆய்வேட்டை அனுப்பினாள். ஆடி மாதம் பதில் வந்தது. வடக்கே எங்கோ இருக்கிற தேர்வாளர் எழுதியிருந்தார்: 'நீர்வழிக் கோடுகள் அறுபத்து நாலு கட்டடங்களை ஊடுருவிச் செல்கின்றன. கட்டடங்களுக்குச் சுவர்கள் உண்டு என்பதை ஆய்வாளர் கருத்தில் கொள்ள வேண்டும். கள ஆதாரம் இன்றி ஏற்பதற்கில்லை. அறுபது நாள் அவகாசம்.'

அவள் அந்தத் தாளை மூன்று தடவை படித்தாள். பிறகு சமையலறைக்குப் போய் ஒரு காரணமும் இல்லாமல் இரண்டு பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

விஷயம் இதுதான். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடியும். முன்வாசல் கிழக்குத் தெரு என்றால் பின்வாசல் மேற்குத் தெரு. நாலு பக்கத்து ஓட்டிலிருந்தும் மழை முற்றத்தில் விழும். முற்றத்திலிருந்து தரைக்கடியில் கல் பாவிய கால்வாய் வழியாகப் பின்தெருவைக் கடந்து ஊருணிக்குப் போகும். இது பால்காரருக்குத் தெரியும், பால்காரரின் சைக்கிளுக்கும் தெரியும். அதனால் ஞானபூரணி வரைபடத்தில் நீலக்கோட்டை வீடுகளுக்குள்ளேயே நேராக இழுத்துவிட்டாள். ஏன் இழுத்தாள் என்று முந்நூற்றுப் பத்துப் பக்கத்தில் ஒரு வரி கிடையாது. முத்தரசும் கேட்கவில்லை, உமையாளும் கேட்கவில்லை. மூன்று பேரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். சோற்றைக் கையால் சாப்பிட்டேன் என்று யாராவது ஆய்வேட்டில் எழுதுவார்களா?

கொடுத்த நீட்டிப்பு எல்லாம் ஏற்கெனவே முடிந்திருந்தது. இந்த அறுபது நாளையும் விட்டால் பதிவு ரத்து. ஏழு வருஷமும் போச்சு. இந்த இடத்தில் அவளுடைய அப்பா மரியப்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருஷம் சங்கிலி பிடித்தவர். சிவகங்கைச் சீமையில் அவர் கால் படாத வரப்பு குறைவு. அவர் இழுத்துப் பிடித்த சங்கிலியை வைத்து வரைந்த நூற்றுக்கணக்கான வரைபடங்களில் ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. இருக்கவும் இருக்காது, அது நடைமுறை. அவர் அதைப் பற்றிக் குறைப்பட்டதில்லை. மகளுக்குத்தான் அந்தக் குறை. 'வரைந்தவர்: ம. ஞானபூரணி' என்று கீழே அச்சடித்த ஒரே ஒரு வரைபடம் போதும் அவளுக்கு. டாக்டர் பட்டம்கூட அதற்கு அடுத்ததுதான்.

முத்தரசு சுலபமாக வழி சொன்னார். "இதுக்குப் போயி ஏம்மா கலங்குற? முற்றத்த ஒரு போட்டோ எடு, பின்வாசல ஒரு போட்டோ எடு. ஒரு பத்தி எழுது. அவரு என்ன டிக்கெட் எடுத்துக்கிட்டு வந்தா பாக்கப்போறாரு?"

உமையாள் தலையை ஆட்டினாள். "போட்டோவுல தண்ணி ஓடுறது தெரியுமா டீச்சர்? ஆதாரம்னா ஊத்திப் பாக்கணும். கலர் போட்டு ஊத்துங்க. ஊருணி வாயில வந்துச்சுன்னா என் ப்ரோக்ராம் தப்புன்னு நானே எழுதித் தாரேன்."

மழை வரட்டும், காட்டுகிறேன் என்று சொல்ல முடியாது. ஐப்பசிக்கு முன்னால் நம்பிக்கையான மழை கிடையாது, கெடுவோ புரட்டாசியில் முடிகிறது. இரண்டு பேர் வாயையும் ஒரே நாளில் அடைத்துவிடுவது என்று ஞானபூரணி முடிவு செய்தாள். லாரித் தண்ணீரில் நீலம் கரைத்து ஒரு வீட்டு முற்றத்தில் ஊற்றுவது. அது ஊருணியில் வந்து விழுவதைப் படம் எடுப்பது. கதை முடிந்தது.

எந்த வீடு? செல்லாயி ஊருணிக்கு நேரே இருப்பது உமையாளின் கணவர் வழி வீடுதான். 'ஆகா, எவ்வளவு வசதி' என்று நினைத்தாள் பாவம். அந்த வீட்டுக்குப் பதினெட்டுப் புள்ளி. கல்யாணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி, ஒவ்வொரு புள்ளிக்கும் பங்கு. வாசல் சாவி வருஷத்துக்கு ஒரு புள்ளியிடம் முறை வைத்து மாறும். இந்த வருஷ முறைக்காரர் கோயம்புத்தூரில் இருந்தார். கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி, சாவு இந்த மூன்றுக்கும் தவிர அந்தக் கதவு திறந்ததில்லை. ஆராய்ச்சிக்குத் திறந்ததாகச் சரித்திரமே இல்லை.

உமையாள் பங்காளிகளின் வாட்ஸாப் குழுவில் போட்டாள். மூன்று நாள் யாரும் பதில் சொல்லவில்லை. நாலாம் நாள் ஒருவர் கும்பிடும் கை ஒன்றை அனுப்பினார். அது சம்மதமா, காலை வணக்கமா என்று தெரிந்துகொள்ள இரண்டு நாள் போனது. முறைக்காரரின் மனைவி, கோயம்புத்தூர் ஆச்சி, போன் பண்ணி, "இது நல்ல காரியமா, மத்த காரியமா? அதச் சொன்னாத்தானே நாள் பாக்க முடியும்" என்று கேட்டார். சிங்கப்பூரில் இருந்த ஒரு பங்காளி நாலு வரி எழுதினார். முற்றத்தில் துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து ஊற்றுவது குடும்பத்துக்கு ஆகாது. மஞ்சள் தண்ணீர் என்றால் தனக்கு ஆட்சேபம் இல்லை.

"நீலம்னா தெளிவாத் தெரியும் மேடம்" என்றாள் ஞானபூரணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

"மஞ்சள்னா கதவு தொறக்கும் டீச்சர்" என்றாள் உமையாள்.

எட்டுக் கிலோ மஞ்சள்தூள் வாங்கினாள். எதற்கு இத்தனை என்று கேட்ட கடைக்காரரிடம், ஆய்வுக்கு என்று சொன்னாள். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பாவம் என்பதுபோல் ஒரு பார்வை மட்டும் பார்த்தார்.

நாற்பத்தோராம் நாள் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, ஆச்சி குறித்துக்கொடுத்த நேரத்தில், காவல்காரர் சின்னக்கருப்பன் கதவைத் திறந்தார். முன்வாசலில் தண்ணீர் லாரி நின்றது. லாரிக் குழாய் முகப்பைத் தாண்டி முற்றத்துக்கு எட்டவில்லை. இன்னொரு குழாய் வாங்க ஓர் ஆள் ஓடினார். வந்த குழாயின் வாய் சேரவில்லை, சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டினார்கள். மஞ்சளைக் கரைத்ததில் உமையாளின் சேலை பாதி மஞ்சளானது. இத்தனையையும் பார்த்துவிட்டு ஞானபூரணி ஊருணிக்கு நடந்தாள். கால்வாய் வந்து விழுகிற கல் மடைவாய்க்கு நேரே செல்போன் கேமராவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஊத்த ஆரம்பிச்சாச்சு டீச்சர்" என்று உமையாளின் போன் வந்தது.

கால் மணி நேரம் ஆனது. மடைவாயிலிருந்து ஓர் ஓணான் வெளியே வந்து அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போனது. அரை மணி நேரம் ஆனது. "முற்றத்துல தண்ணி நிக்கல டீச்சர், நல்லா உள்வாங்குது. அங்க வந்துருச்சா?" என்று உமையாள் கேட்டாள். வரவில்லை. முக்கால் மணி நேரத்தில் முழு லாரியும் காலி. மடைவாய் காய்ந்தே கிடந்தது. ஆறாயிரம் லிட்டர் தண்ணீர் வீட்டுக்குள் போயிருக்கிறது, வெளியே வரவில்லை. அப்படியென்றால் அந்த வடக்கத்திக்காரர் சொன்னதுதான் சரியா? ஏழு வருஷமாக நீலக்கோடு நீலக்கோடு என்று அவள் இழுத்ததெல்லாம் வெறும் கோடா?

அப்போது மேற்குத் தெருவிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

"எவுக வீட்டு விசேஷத் தண்ணிய இங்குட்டுத் திருப்பி விட்டுருக்கீக? காருக்கடியில மஞ்சக்கொளமா நிக்குது! கேக்க நாதி இல்லையா இந்தத் தெருவுல?"

குரல் வந்த வீட்டு வாசலுக்கு ஓடினாள். மாடி வைத்த புதுக் கான்கிரீட் வீடு. போர்டிகோத் தரையின் இடுக்கிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. இரண்டு ஜோடிச் செருப்பு அதில் மிதந்தது. இடுப்பில் கை வைத்து நின்ற அம்மாளைக் கல்லூரி விழாக்களில் அவள் பார்த்திருக்கிறாள். கருப்பம்மாள், முத்தரசுவின் மனைவி. கிரில் கேட்டில் பித்தளைத் தகட்டில் 'பேராசிரியர் முத்தரசு' என்று எழுதியிருந்தது. அந்த வீட்டுக்கு ஞானபூரணி ஒருநாளும் வந்ததில்லை. "வீட்டுக்கெல்லாம் அலைய வேணாம்மா, காலேஜுலயே பாத்துக்குவோம்" என்று அவர் ஏழு வருஷமாகச் சொல்லிவந்ததைப் பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள்.

"வாங்க டீச்சர், இந்தக் கூத்தப் பாருங்க" என்றாள் கருப்பம்மாள். "மழ பேஞ்சாலும் இதே கதிதான். எட்டு வருசமா அள்ளி ஊத்துறேன். கேட்டா, ரோட்ட உசத்திட்டாக, அதான் தண்ணி ஏறுதுங்குறாரு. இன்னைக்கு மழையே இல்லையே, இது எங்கிட்டு இருந்து வருது?"

ஞானபூரணி பையிலிருந்து வரைபடத்தை எடுத்துப் பிரித்தாள். அறுபத்து நாலு வீடுகள், எல்லாம் ஒரே பழுப்பு நிறக் கட்டங்கள். அவற்றுக்குள் நீலக்கோடு. முற்றம் வைத்த பழைய வீடுகள் அறுபத்து மூன்று. அறுபத்து நாலாவது இந்த வீடு. அஸ்திவாரம் தோண்டி எழுப்பிய கான்கிரீட் வீட்டுக்குள்ளும் அவள் கோட்டை நேராக இழுத்திருந்தாள், அவர் அளந்து கொடுத்தபடி. இங்கே வீட்டுக்குள் தண்ணீர் போவது அதிசயமில்லை என்பதால் இந்த ஒரு வீடு யார் கண்ணையும் உறுத்தவில்லை. உமையாளின் ப்ரோக்ராம் ஒன்றுதான் மூன்று வருஷமாக இந்த இடத்தில் நின்று நின்று கத்தியிருக்கிறது.

முத்தரசு தோளில் துண்டோடு வெளியே வந்தார். தண்ணீரைப் பார்த்தார், நிறத்தைப் பார்த்தார், வரைபடத்தைப் பார்த்தார்.

"உள்ள வாம்மா" என்றார்.

"இங்கயே சொல்லுங்க சார்."

"அஸ்திவாரம் தோண்டுறப்ப கல்லுக் கால்வா ஒண்ணு வந்துச்சு. கொத்தனார் கேட்டாரு. எந்தக் காலத்துக் கால்வாயோன்னு மூடச் சொல்லிட்டேன். அப்ப நீ இந்த ஆய்வுக்கே வரல. அப்புறம் நீ இதே தலைப்பத் தூக்கிக்கிட்டு வந்து நின்ன. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்ப." துண்டால் முகத்தைத் துடைத்தார். "ஒண்ணு செய்வோம். இந்த ஒரு வீட்ட விட்டுரு. அறுபத்து மூணுன்னு போடு. வேற வீட்டுல ஊத்தி, வேற ஊருணியில படம் எடு. நாளைக்கே கையெழுத்துப் போட்டுத் தாரேன்."

ஞானபூரணிக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. ஏழு வருஷத்து எரிச்சல்தான் மொத்தமாக வந்தது.

"வேற வீடா? இந்த ஒரு கதவத் தொறக்க எனக்குப் பதினெட்டுப் பேரு சம்மதம் வாங்க வேண்டியிருந்துச்சு சார். மஞ்சளா நீலமான்னு சிங்கப்பூருல கேட்டேன். நல்ல நேரம் கோயம்புத்தூருல கேட்டேன். துறை என்னன்னு பதினோரு தடவ எழுதிக் குடுத்தேன். சுவர்னா என்னன்னு எனக்கு வடக்க இருந்து ஒருத்தரு பாடம் நடத்துறாரு. உமையாள் மேடம் சரியாத்தான் சொன்னாக, உங்களுக்காக மூணு வருசம் அவுககூடச் சண்ட போட்டேன். ஊருணிக்குத் தண்ணி ஏன் வரலங்குறதுதான் சார் என் கேள்வியே. பதில் உங்க காருக்கடியில இருக்கு. அத விட்டுட்டு நான் என்னத்த எழுத?"

"கையெழுத்து என்கிட்ட இருக்குங்குறத மறந்துறாத" என்றார் முத்தரசு, தாழ்ந்த குரலில்.

அவருக்குப் பின்னால் கருப்பம்மாள் நின்றிருந்தாள். எட்டு வருஷமாக வாளியும் துடைப்பமுமாக நின்றவள். அவள் புருஷனைப் பார்த்த பார்வையே போதும், இனி தான் கேட்க ஒன்றுமில்லை என்று ஞானபூரணி வரைபடத்தை மடித்துக்கொண்டு கிளம்பினாள்.

பத்து நாளில் அந்த அத்தியாயத்தைத் திரும்ப எழுதினாள். முற்றத்துக் கால்வாயைப் பற்றி, பால்காரருக்குத் தெரிந்த அத்தனையையும், பன்னிரண்டு பக்கம். உமையாளின் ப்ரோக்ராமுக்கு ஒரு தனிப் பகுதி. பெரிய வரைபடத்தில், நீலக்கோடு மேற்குத் தெரு வரை வந்து ஒரு சிவப்புப் புள்ளியில் நின்றது. பக்கத்தில் சின்ன எழுத்தில்: 'அடைப்பு எண் 1. கான்கிரீட். நீளம் சுமார் 10 அடி, மதிப்பீடு.' வீட்டுக்காரர் பெயரைப் போடவில்லை. உமையாள் படித்துவிட்டு உடனே கையெழுத்துப் போட்டாள்.

முத்தரசு போடவில்லை. முதல் நாள் மீட்டிங் என்றார். மறுநாள் லீவு. அதற்கடுத்த நாள் அறை பூட்டியிருந்தது. ஐம்பத்தொன்பதாம் நாள் வந்தது. சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லூரி அறையில் அவரைப் பிடித்தாள். மூன்று பிரதிகளையும் மேஜைமேல் வைத்துவிட்டு, உட்காரச் சொல்லாமலேயே உட்கார்ந்தாள். கெஞ்சுவதில்லை என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தாள். மாட்டேன் என்றால் எழுந்துபோய்ப் பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் நடத்துவது, அவ்வளவுதான்.

அவர் பக்கங்களைப் புரட்டினார். மெதுவாகத்தான் புரட்டினார், மாணவர்களின் ஆய்வேட்டை எப்போதும் படிப்பதுபோல. வரைபடத்துக்கு வந்ததும் கை நின்றது. சிவப்புப் புள்ளியில் விரலை வைத்தார்.

"வீட்டுல பதினெட்டு நாளா எங்கூடப் பேச்சில்ல" என்றார், அவளைப் பார்க்காமல். "கொத்தனார வரச்சொல்லிட்டா. திங்கக்கெழம போர்டிகோவ ஒடைக்கிறாக."

முத்தரசு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். கையெழுத்துக் கோட்டுக்குப் போகவில்லை. சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்தில் இருந்த '10 அடி' என்பதை அடித்தார். 'மதிப்பீடு' என்ற சொல்லையும் அடித்தார். மேலே தெளிவான எழுத்தில் '11½ அடி, நேரில் அளந்தது' என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டார். மூன்று பிரதிகளிலும் அதையே செய்தார்.

"அளந்து வச்சிருந்தீகளா சார்?" என்று கேட்டாள். தன் குரல் இவ்வளவு சன்னமாக வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"மூடுன அன்னைக்கே அளந்தேம்மா" என்றார் முத்தரசு. "பழக்கம்."

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி, நெறியாளர் என்று இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்.